நெடுமாறனின் வலது கால்

தட்டாஞ்சாவடியில் பழைய கார் விற்கும் விஜயராகவனின் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி உள்ளே வந்தாலும், காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், நெடுமாறன் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். திரும்பி வந்து அவர் "எடுத்துக்கலாம்" என்றால் எடுப்பார்கள். "வேணாம்" என்றால், விற்க வந்தவர் தலைகீழாக நின்றாலும் வேண்டாம்தான். இதற்கு மேல் அங்கே ஒரு பரிசோதனையும் கிடையாது. வண்டியில் செருகிக் கோளாறு பார்க்கும் கருவி ஒன்று ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது. வாங்கிய நாளில் அதற்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டியதோடு சரி.

நெடுமாறனுக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்துவிட்டு யார்டுக்கு வந்தவர். வண்டியை நூறில் பறக்கவிட்டுவிட்டு 'சூப்பர்' என்று இறங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வண்டியைச் சாரம் என்கிற நெரிசல் பேட்டைக்குள் விடுவார். தள்ளுவண்டிக்காரன் பின்னால், தண்ணீர் லாரி பின்னால், பள்ளிக்கூடம் விடும் நேரத்து ஆட்டோக்கள் பின்னால், மனிதன் நடக்கிற வேகத்தில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வருவார். "ஓட்றப்ப எல்லா வண்டியும் ஒழுங்காத்தான் இருக்கும். ஊர வுட்டுப் பாருங்க சார், அப்பத் தெரியும் வண்டவாளம்" என்பார்.

அதிலும் இரட்டை கிளட்ச் வண்டி என்றால் அவருக்குத் தனி உற்சாகம். இந்த ரகத்தில் ஓட்டுகிறவருக்கு கிளட்ச் பெடலே கிடையாது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும்தான். உள்ளேயோ ஒன்றுக்கு இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். இரண்டு, நான்கு, ஆறை இன்னொன்று. ஒன்று பிடியை விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் தூங்குகிற குழந்தையை ஒருத்தி தோளிலிருந்து இன்னொருத்தி தோளுக்கு மாற்றுவது போல என்று நெடுமாறன் விளக்கம் சொல்வார். கை பழகியவர்கள் மாற்றினால் குழந்தை கண் திறக்காது. பழகாதவர்கள் மாற்றினால் ஊரே எழுந்துவிடும்.

எல்லாம் ஒரே குணமும் இல்லை. கிளட்ச் எண்ணெயில் முங்கிக் கிடக்கும் வண்டிகள் கொஞ்சம் சோம்பேறிகள். பிரேக்கை விட்டதும் ஒரு கணம் யோசிக்கும், பிறகு எப்போது கிளம்பியது என்றே தெரியாமல் கிளம்பிவிடும். இரண்டாம் கியர் விழுந்ததைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் இல்லாத உலர்ந்த கிளட்ச் வண்டிகள் துடியானவை. மிதித்ததும் சுருக்கென்று பிடிக்கும், வெடுக்கென்று கியர் மாற்றும், ஓட்ட ஓட்ட ஆசையாக இருக்கும். நெரிசலில் ஊரவிட்டால் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். ஒன்றா இரண்டா என்று தடுமாறும். அதிலேயே ஒரு ரகம் ஏற்றத்தில் ஓர் அங்குலம் பின்னால் வழுக்கிவிட்டுத்தான் முன்னால் போகும். இன்னொரு ரகம் அவசரக் குடுக்கை. பத்து கிலோமீட்டர் வேகத்திலேயே மேல் கியருக்குத் தாவிவிட்டுத் திருதிருவென்று விழிக்கும்.

கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் இது எந்த ரகம், இரண்டு கிளட்சில் எது தேய்ந்திருக்கிறது என்று நெடுமாறன் சொல்லிவிடுவார். உண்மையில் சொல்வது அவருடைய வலது குதிகால். கால்விரிப்பைச் சுருட்டித் தள்ளிவிட்டு, வண்டியின் வெறும் தரையில் வெறும் குதிகாலை ஊன்றிக்கொள்வார். தேயத் தொடங்கிய கிளட்ச் கிளம்பும்போது மெல்ல ஒரு நடுக்கம் கொடுக்கும். சீட்டில் உட்கார்ந்தவருக்கு அது தெரிய ஆறு மாதம் ஆகும், கருவிக்குத் தெரிய ஒரு வருடம் ஆகும். குதிகாலுக்கு அன்றே தெரியும். கால் ஒன்றும் சொல்லாவிட்டால் வண்டி நல்ல வண்டி. அந்த யார்டின் மொத்த சாஸ்திரமும் அவ்வளவுதான்.

இப்போது வந்திருப்பது அவருடைய மகள் விவகாரம். சிந்துஜா பாகூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கணுக்கால் நொறுங்கி, தகடு வைத்து முடுக்கினார்கள். அந்தப் பாதம் இனி மடங்காது. கிளட்ச் பெடல் மிதிக்க முடியாது, கூட்டத்தில் பஸ் படி ஏற முடியாது, நடுவழியில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளவோ நடக்கவோ முடியாது. ஆகவே அவளுக்கு வேண்டியது கிளட்ச் பெடல் இல்லாத வண்டி, வழியில் நிற்காத வண்டி. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புது வண்டியாக எடு என்றார்கள், வாரண்டி இருக்கிறதா பார் என்றார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க அப்பா கால வெச்சுப் பாத்து சொல்லட்டும், போதும்" என்றுவிட்டாள்.

காலில்தான் வந்தது வினை. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் குளித்துவிட்டு வந்த நெடுமாறன், தான் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்திருப்பதைப் பார்த்தார். உட்கார்ந்து காலைத் திருப்பினால் பாதத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. எப்போது ஏறியது, எங்கே ஏறியது, ஒன்றும் தெரியவில்லை. மனைவி மணியம்மாள் கடையிலிருந்து வருவதற்குள் தரையைத் துடைத்துத் துணியை ஒளித்துவைத்தார். பதினைந்து வருடச் சர்க்கரை. மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். அவர் பத்து முறையும் "தெரியுது" என்றார். டாக்டரம்மா நூலைக் கீழே வைத்தார்.

"ஆறு வாட்டிதான் ஐயா தொட்டேன். மீதி நாலு வாட்டி சும்மாதான் கேட்டேன்."

போன நரம்பு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் ஓரடி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் 'சுகர் கொஞ்சம் ஏறிப்போச்சாம்' என்று முடித்துக்கொண்டார் நெடுமாறன்.

யார்டில் சொல்லியிருக்கலாம். விஜயராகவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற ஆள் இல்லை. ஆனால் சொன்ன மறுநாள் அந்த யார்டில் நெடுமாறனுக்கு என்ன வேலை? வண்டி துடைப்பதா? கேட்டில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சலாம் போடுவதா? விரல்தானே மரத்திருக்கிறது, குதிகால் இருக்கிறதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காதைத் தீட்டிக்கொண்டும், கிளட்ச் கருகும் வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடித்தும், விற்க வந்தவனின் முழியைப் பார்த்தும் காலத்தை ஓட்டினார். ஒருவரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டார். மனிதனுக்கு இந்த ஒரு சாமர்த்தியம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் விஜயராகவன் கூப்பிட்டார்.

"மாறா, பாப்பாவுக்குன்னு ரெண்டு வண்டி தனியா நிறுத்தி வெச்சிருக்கேன். ரெண்டும் டபுள் கிளட்ச்சு. எதுன்னு நீ சொல்லிடு, இன்னிக்கே எழுதிடலாம்."

ஒன்று சாம்பல் நிற வண்டி, எண்ணெய் கிளட்ச். விழுப்புரத்து கான்ட்ராக்டர் ஒருவர் ஓட்டோ ஓட்டென்று ஓட்டிய வண்டி, சீட்டெல்லாம் நைந்திருந்தது. மற்றது சிவப்பு, உலர்ந்த கிளட்ச். துய்மா வீதியில் சொல்தா வீட்டு அம்மாள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த கணவருக்காக பென்ஷன் வாங்குகிற செல்வாம்பாள், வைத்திருந்தது. சர்ச்சுக்கும் பீச்சுக்கும் போய்வந்ததைத் தவிர அது வேறு ஊர் பார்க்கவில்லை. உள்ளே ஒரு கீறல் கிடையாது. கண்ணாடியில் இன்னும் ஒரு ஜெபமாலை தொங்கியது. அம்மாவோடு வந்திருந்த சிந்துஜா ஊன்றுகோலை வண்டியில் சாய்த்துவிட்டு அதன் பானெட்டில் கை வைத்து நின்றாள். அவள் மனதில் எடுத்தாயிற்று என்று அந்தக் கையைப் பார்த்ததுமே நெடுமாறனுக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய தலைக்கு எல்லாம் தெரியும். ஊர்ந்து ஊர்ந்தே ஆயுளைக் கழித்த உலர்ந்த கிளட்சைவிட, நெடுஞ்சாலையில் ஓடி ஓடிக் களைத்த எண்ணெய் கிளட்ச் எவ்வளவோ மேல். வேறு யாராவது கேட்டிருந்தால் வண்டியில் ஏறாமலே சொல்லியிருப்பார். ஆனால் முப்பது வருடமாக அவர் தலையைக் கேட்டு ஒரு வண்டியையும் தள்ளியதில்லை, எடுத்ததும் இல்லை. தலை சந்தேகப்படும், கால்தான் தீர்ப்புச் சொல்லும்.

முதலில் சாம்பல் வண்டி. சாரத்துக்குள் நுழைந்து ஒரு காய்கறி வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டார். பிரேக்கை விட்டார், பிடித்தார், விட்டார். கால் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது. திரும்பி வந்து சிவப்பு வண்டியை எடுத்தார். அதே தெரு, அதே வேகம். குதிகாலை அழுத்தி ஊன்றினார். பிரேக்கை விட்டார், பிடித்தார், விட்டார். கால் ஒன்றும் சொல்லவில்லை.

வேர்த்துவிட்டது அவருக்கு. புத்தம் புதிதாக, நேற்று கம்பெனியிலிருந்து இறங்கியதாக இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்க முடியாது. ஒன்று யோசித்துக் கிளம்ப வேண்டும், மற்றது சுருக்கென்று பிடிக்க வேண்டும். அவருக்கு இரண்டும் பஞ்சுப் பொதியில் கால் வைத்ததுபோல் ஒன்றாகவே இருந்தன. வண்டியை ஓரம் கட்டி, இடது காலை மாற்றி வைத்துப் பார்த்தார். அதுவும் ஊமை. குனிந்து குதிகாலை நகத்தால் அழுத்தினார். நகத்தின் தடம் வெள்ளையாகப் பதிந்து, மெல்லச் சிவந்து, மறைந்தது. யாருடைய காலையோ கிள்ளியதுபோல்தான் இருந்தது. ஒரு நிமிடம் அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அழலாம்போல வந்தது, அழவும் வரவில்லை. பின்னால் ஓர் ஆட்டோக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்தினான்.

யார்டில் மூவர் காத்திருந்தார்கள். விஜயராகவன், சிந்துஜா, மணியம்மாள். சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். எனக்குத் தெரியலைம்மா, வேறு யாரையாவது கூப்பிட்டுப் பாரு. ஐந்தாறு வார்த்தைதான். கதவைத் திறந்து இறங்கினார். சிமெண்ட் தரை மாசி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மணியம்மாள் ஓடிவந்து செருப்பைக் காலடியில் போட்டாள்.

"எப்படிப்பா இருக்குது?" என்றாள் சிந்துஜா. அவள் கேட்டது சிவப்பு வண்டியைப் பற்றி. அவள் முகத்தில், விபத்துக்குப் பிறகு அவர் பார்த்தே இராத ஒரு வெளிச்சம்.

கால் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல வண்டி. பொய் சொல்வதாகவே அவருக்குத் தோன்றவில்லை. பழகிய வாய் பழகியதைச் சொன்னது.

"எடுத்துக்கலாம்."

விஜயராகவன் உடனே சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அலமாரியில் கருவி தூங்கியது.

மூன்று வாரம் கழித்து, அரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்து. சிந்துஜா ஓட்ட, நெடுமாறன் பக்கத்தில், மணியம்மாள் சீர்த்தட்டுடன் பின்னால். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வெளியூர் வண்டிகள் எல்லாம் ஊருக்குள் வந்து இறங்கியிருந்தன. நூறடி ரோட்டு மேம்பாலத்தில் ஏறியதும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வேன், இரண்டு பக்கமும் பைக்குகள். ஓரடி நகர்வதும் நிற்பதுமாக ஏற்றத்தில் ஊர்ந்தார்கள். இறங்கிப் போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

நாலைந்து முறை நகர்ந்த பிறகு சிந்துஜா புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்பா, பிரேக்க வுடறப்போ அடியில ஏதோ நடுங்குது பாரேன்."

"எங்க?"

"கால்கிட்ட. குதிகால்ல தெரியுது. கிளம்பறப்போ ரெண்டு மூணு துடிப்பு, அப்புறம் இல்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே, ஜம்முனுதான் போவுது" என்றாள் மணியம்மாள் பின்னாலிருந்து.

நெடுமாறன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை ஊன்றினார். பஸ் நகர்ந்தது. அவள் பிரேக்கை விட்டாள், வண்டி நகர்ந்தது, நின்றது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரம்தான்.

"உனக்குத் தெரியுதாப்பா?"

அவர் குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினார். அவளே சிரித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் இன்னும் வண்டி பழகல போல. நீ பாத்து எடுத்ததாச்சே, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. இந்த ரகமே இப்படித்தான்னு நினைச்சுக்கறேன்."

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. உள்ளதை உள்ளபடி உணர்ந்துவிட்டு, அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காகத் தன் காலையே பொய்யாக்கிக்கொள்கிறாள். நடுங்குகிற வண்டியில் நாளைக்கும் தனியாகப் பாகூருக்குப் போவாள். நடுங்கட்டும், இந்த ரகமே இப்படித்தான் என்று போய்க்கொண்டே இருப்பாள்.

சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நெடுமாறன் குனிந்தார். தொந்தி முழங்காலில் இடித்தது. கால்விரிப்பைச் சுருட்டித் தள்ளி, பாதத்துக்குப் பக்கத்திலேயே வண்டியின் தரையில் வலது உள்ளங்கையைப் பரப்பி வைத்தார்.

"இன்னாங்க தேடறீங்க?" என்றாள் மணியம்மாள்.

பஸ் நகர்ந்தது. சிந்துஜா பிரேக்கை விட்டாள். உள்ளங்கையில் வந்து இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் நான்கு. முதல் கியரைப் பிடிக்கிற கிளட்ச்; மேல்பரப்பு வெந்து கண்ணாடிபோல் ஆகிவிட்டது. எல்லாம் சர்ச்சுக்கும் பீச்சுக்கும் ஊர்ந்து ஊர்ந்தே வந்த வினை. மழைக்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம். அதற்குள் ஒரு நாள் வெயிலில், இதேபோல் ஓர் ஏற்றத்தில், எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடும். எல்லாம் தெரிந்தது. முப்பது வருடம் கால் சொன்னதை ஒரு நொடியில் கை சொன்னது. ஒரே தகரத்தில் கையும் காலும் அடுத்தடுத்து இருந்தன. கைக்குத் துடிக்கிறது, பாதம் பக்கத்தில் பிணம்போலக் கிடக்கிறது.

நிமிராமல் அப்படியே இருந்தார். தலைக்கு மேலே சிந்துஜா தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் பார்வை அவர் கைக்கும் காலுக்குமாகப் போய்வந்திருக்க வேண்டும்.

"அப்பா." குரல் மாறியிருந்தது. "உனக்குக் கால்ல தெரியலையா?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"இன்னாடி தெரியல? இன்னா பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மணியம்மாள்.

சிந்துஜா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ, இந்த அஞ்சு மாசமா நீ எடுத்துக்கலாம்னு சொன்ன வண்டிங்க?"

வைத்திக்குப்பத்து அங்கம்மாள், மீன் கூடை சுமந்த தலையோடு வந்து, மகனுக்கென்று ஒரு வண்டி எடுத்துப்போனாள். உழவர்கரை இராமதாஸ் வாரம் இரண்டு முறை அம்மாவை ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக எடுத்தான். சாவியை வாங்குவதற்கு முன் நெடுமாறனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒவ்வொரு முகமாக வந்தது. அத்தனை பேரும் சீட்டில் சாய்ந்து, ஒன்றும் தெரியாமல், எங்கெங்கோ ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவருடைய போன் நம்பர்கூட அவரிடம் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டு என்ன சொல்வார்?

"பதினொண்ணு" என்றார்.

பின்னால் வேன்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். முன்னால் பஸ் ஒரு வண்டி தூரம் போய்விட்டிருந்தது.

"பிரேக்க வுடு, பாப்பா" என்றார். அவள் விட்டாள். அவருடைய உள்ளங்கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டே வண்டி ஏற்றத்தில் ஏறியது.